படங்களுக்கும் எக்ஸ்பயரி தேதி உண்டு

2024 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வரலாற்றுத் துறைப் பேராசிரியரிடமிருந்து போன். லிங்க்கைத் தட்டினால் படம் வரவில்லை, ‘இந்தப் படம் இப்போது கிடைக்காது’ என்று ஒரு வரிதான் வருகிறது என்றார். பின்னால் மாணவர்கள் பேசும் சத்தம் கேட்டது. 22 பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் ஒரு சிறிய கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். படங்களை வாங்குவது என் பொறுப்பு. எங்கள் எக்செல் தாளைத் திறந்து அந்தப் படத்தின் வரியைத் தேடினேன். கடைசிக் கட்டத்தில் ‘ஆகஸ்ட் 31’ என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு 350 டாலர் கொடுத்து எடுத்த உரிமம், மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கோடை விடுமுறையில் யாரும் அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், எண்பதுகளில் ஓர் எஃகு ஆலை மூடப்பட்டது. அதில் வேலை இழந்தவர்களின் வீடுகளுக்குப் போய் எடுத்த ஒரு மணி நேர ஆவணப்படம் அது. பெரிய புகழ் எதுவும் இல்லை. ஆனால் என் மாணவர்களில் சிலருடைய தாத்தாக்கள் வேலை செய்த ஆலை. சரி, பணம் கட்டிப் புதுப்பித்துவிடலாம் என்று அன்றே விநியோகஸ்தருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. இயக்குநரோடு அவர்களுக்கு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், படம் இப்போது அவர்களிடம் இல்லையாம். நாங்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும் விற்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அடித்தளத்து அறை நினைவுக்கு வந்தது. அங்கே போய்த் தேடியதில் அதே படத்தின் விஎச்எஸ் கேசட் கிடைத்தது. அட்டையில் எங்கள் நூலக முத்திரை, 1991. பழைய கொள்முதல் பதிவேட்டில் விலை 195 டாலர். வியாழக்கிழமை நானும் ஒரு மாணவரும் டிவியையும் விசிஆரையும் தள்ளுவண்டியில் வைத்து, கதவு நிலைகளில் இடிக்காமல் வகுப்புக்குக் கொண்டுபோனோம். திரையின் அடியில் கோடுகள் ஓடின, இரண்டு இடங்களில் குரல் அமுங்கியது. ஆனாலும் கடைசிவரை ஓடியது.

மேசைக்குத் திரும்பியதும் கணக்குப் போட்டேன். 33 வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை கொடுத்த 195 டாலர் இன்றும் வேலை செய்கிறது. அதே 33 வருடத்துக்கு மூன்று வருட உரிமமாக எடுத்திருந்தால் பதினொரு முறை கட்டியிருக்க வேண்டும், 3,850 டாலர். அப்படிக் கட்டியிருந்தாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை படம் ஓடியிருக்காது.

இதில் எது நியாயம், எது அநியாயம் என்று பிரித்துப் பார்க்க எனக்குச் சில வருடங்கள் ஆயின. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நூலகம் ஒரு பொருளைச் சொந்தமாக வைத்துக்கொண்டு யாருக்கும் இரவல் கொடுக்கலாம் என்ற உரிமை அமெரிக்காவில் ஒரு நாவலின் விலைச் சண்டையில் உறுதியானது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தன் புத்தகத்தில், இதை ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது காப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் தீர்ப்பு மேசீஸ் பக்கம் வந்தது. ஒரு பிரதியை விற்றுவிட்டால், அந்தப் பிரதி அப்புறம் எந்த விலைக்கு, யார் கைக்குப் போகிறது என்பதில் பதிப்பாளர் தலையிட முடியாது. இதை முதல் விற்பனைக் கோட்பாடு என்கிறார்கள். இன்றைய காப்புரிமைச் சட்டத்தில் 109ஆவது பிரிவு. நூலகத்தில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு டிவிடியும் இந்த 11 சென்ட் தகராறின் தயவில்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

அதாவது, கடையில் 25 டாலருக்குக் கிடைக்கும் டிவிடியை நூலகமும் அதே 25 டாலருக்கு வாங்கலாம், இரவலும் கொடுக்கலாம். ஆசிரியர் அதை வகுப்பறையில் மாணவர்களுக்கு நேரில் போட்டுக் காட்டலாம். அதற்குச் சட்டத்தின் 110ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது, தனி அனுமதி தேவையில்லை. ஊரைக் கூட்டி அரங்கத்தில் திரையிடுவதாக இருந்தால்தான் பொதுத்திரையிடல் உரிமை வாங்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் பல நூலகங்கள் இரவல் கொடுப்பதற்கே அந்த உரிமை வேண்டும் என்று நினைத்துப் பத்து மடங்கு விலை கொடுத்திருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படி ஒரு படத்தை வாங்கினேன். அதே படம் வேறிடத்தில் தனிநபர் விலையில் கிடைத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோபத்தில் கொஞ்ச காலம் ‘நிறுவன விலை’ என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். வீட்டுக்கு வாங்கினால் 30 டாலர், கல்லூரிக்கு வாங்கினால் 300 டாலர். டிவிடி தட்டு ஒன்று, உறை ஒன்று, விலை மட்டும் இரண்டு. இது எப்படி நியாயம்?

என் மனதை மாற்றியவர் சென்னையில் ஆவணப்படம் எடுக்கும் ஒரு அக்கா. இந்தக் கோபத்தை அவரிடம் போனில் கொட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு வருஷம் அலைஞ்சு எடுத்த படம்மா. தியேட்டருக்குப் போகாது, டிவிக்காரன் வாங்க மாட்டான். இதைக் காசு குடுத்துப் பாக்கிறவங்க உலகத்துல யாருன்னு நெனைக்கிற? உன்னை மாதிரி நாப்பது அம்பது லைப்ரரிதான். நீயும் முப்பது டாலர்தான் குடுப்பேன்னா நான் அடுத்த படத்துக்குக் கேமரா வாடகைக்கு எங்க போவேன்?”

அவர் சொன்னது சரி. வணிகப் படத்துக்கு லட்சம் பேர் தலைக்குக் கொஞ்சம் கொடுக்கிறார்கள். சமூகப் படத்தை வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருபது வருடத்தில் ஆயிரம் மாணவர்கள் அதே பிரதியைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் சுயாதீனப் பட உலகத்தைத் தாங்கி நிற்பதில் இந்த விலைக்குப் பெரிய பங்கு உண்டு. 1968இல் தொடங்கிய கலிபோர்னியா நியூஸ்ரீல், 1971இல் இயக்குநர்களே கூட்டுறவாகச் சேர்ந்து தொடங்கிய நியூ டே ஃபிலிம்ஸ், 1972இல் வந்த விமன் மேக் மூவீஸ், அதற்கு அடுத்த வருடம் வந்த புல்ஃபிராக் ஃபிலிம்ஸ் எல்லாம் கல்லூரிகளையும் நூலகங்களையும் நம்பி வளர்ந்தவை. இனப்பாகுபாடு, பெண் உரிமை, சுரங்கத் தொழிலாளர், அணுக்கழிவு என்று வேறு யாரும் தொடாத விஷயங்களை இவர்கள்தான் விநியோகித்தார்கள். பெரிய ஸ்டுடியோக்களும் ஒரு காலத்தில் இதே வழியில்தான் யோசித்தன. எண்பதுகளில் புதுப்பட விஎச்எஸ் கேசட் 80, 90 டாலர் விற்றது, வாடகைக் கடைகள்தான் வாங்கும் என்ற கணக்கில்.

ஆகவே நிறுவன விலையோடு எனக்கு இப்போது சண்டை இல்லை. 300 டாலர் கொடுத்தேன், படம் என் அலமாரியில் இருக்கிறது, இயக்குநருக்கும் ஏதோ போய்ச் சேர்ந்தது. கணக்கு அத்தோடு முடிந்தது. ஸ்ட்ரீமிங் வந்தபின் அந்தக் கணக்கு முடிவதே இல்லை.

நம்மவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தமிழ் சினிமா வியாபாரம் கேள்விப்பட்டவர்களுக்கு, ஒரு படம் என்பது ஒரே சொத்து இல்லை என்று தெரியும். ஏரியா உரிமை ஒருவருக்கு, சாட்டிலைட் ரைட்ஸ் இன்னொருவருக்கு, ஓடிடி ரைட்ஸ் வேறொருவருக்கு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை வருடம் என்று எழுத்தில் இருக்கும். நூலகம் டிவிடி வாங்கிய காலத்தில் அந்தப் பேரங்களுக்கு வெளியே நின்றது. கடையில் பொருள் வாங்கும் ஆள், அவ்வளவுதான். ஸ்ட்ரீமிங்கில் நூலகமும் ஒரு குட்டி விநியோகஸ்தர்போல வருடக் கணக்கில் உரிமை வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் நமக்கு வசூல் கிடையாது. பிரதி எதுவும் கை மாறாததால் 1908 தீர்ப்பும் துணைக்கு வராது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

விலை முறைகளில் மூன்று அடிக்கடி வரும். படத்துக்குப் படம் ஒரு வருடமோ மூன்று வருடமோ உரிமம் எடுப்பது ஒன்று. ஆயிரக்கணக்கான படங்களை மொத்தமாக வருடச் சந்தாவுக்கு எடுப்பது இன்னொன்று. அதில் கல்லூரியில் எத்தனை மாணவர்கள் என்பதைப் பொறுத்து விலை ஏறும், நமக்கு வேண்டிய முப்பது படத்துக்காக வேண்டாத பல்லாயிரம் படங்களையும் சுமக்க வேண்டும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் பார்க்கும்போது அது வரம்போலத் தெரியும். எல்லாப் படங்களையும் மாணவர்களுக்குத் திறந்து வைப்பார்கள். யாரும் பார்க்காத படத்துக்குக் காசு இல்லை. ஒரு படத்தை இத்தனை முறை, சில நொடிகளுக்கு மேல் பார்த்தால் மட்டும் அதற்கான உரிமம் தானாகவே வாங்கப்பட்டு, நம் கணக்கிலிருந்து பணம் கழியும். வாசகர் விருப்பத்தின்படி வாங்குவது, கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நாங்களும் ஒரு சேவையில் சேர்ந்தோம். அரை நிமிடம் தாண்டினால் அது ஒரு பார்வை. நான்கு மாணவர்கள் தூங்கும் முன்பு ஒரே படத்தைத் தட்டி, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடினால் நூலகத்துக்கு 150 டாலர் செலவு. வருடம் முழுவதற்கும் என்று வைத்த பணம் நவம்பர் முதல் வாரத்தில் தீர்ந்தது. வழி இல்லாமல், கேட்டால்தான் கொடுப்பது என்று மாற்றினோம். திறந்திருந்த கதவைச் சாத்துவது இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத காரியம். மாணவர்கள் நிறையப் பார்த்ததுதான் காரணம் என்பதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. புத்தகத்தை நிறையப் பேர் எடுத்தால் நூலகர் மகிழ்வார். இங்கே படத்தை நிறையப் பேர் பார்த்தால் பயம் வருகிறது.

பெரிய ஊர்களுக்கும் இதே நிலைதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2008இல் ஒலிவியா ஹம்ஃப்ரி தொடங்கிய கனோப்பி, கல்லூரிகளுக்கு டிவிடி விற்பதில் ஆரம்பித்து, பிறகு ஸ்ட்ரீமிங்குக்கு மாறி, அமெரிக்கப் பொது நூலகங்களுக்கும் பரவியது. நூலக அட்டை இருந்தால் போதும், உலக சினிமா வீட்டுக்கு இலவசம். இலவசம் பார்ப்பவருக்குத்தான். ஒவ்வொரு பார்வைக்கும் நூலகம் கட்ட வேண்டியிருந்தது, 2 டாலர் வரை என்று அப்போது செய்திகளில் வந்தது. 2019 ஜூலை 1 முதல் நியூயார்க், புரூக்ளின், குவீன்ஸ் நூலகங்கள் மூன்றும் அதிலிருந்து விலகின. செலவு தாங்கவில்லை என்றார்கள். அந்த மூன்றும் சேர்ந்தால் நாட்டின் மிகப் பெரிய நகரம். அவர்களுக்கே தாங்கவில்லை என்றால் என் கல்லூரி எம்மாத்திரம்? ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சேவை இல்லாவிட்டால் பல அரிய படங்கள் எந்த நூலகத்துக்குமே வந்திருக்காது. பொருள் நல்லது, விலையைக் கணக்கிடும் முறைதான் நூலகத்தின் இயல்புக்கு ஒத்துவரவில்லை.

டிவிடியை நாமே கோப்பாக மாற்றிக் கடவுச்சொல் போட்டு மாணவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் அதைச் செய்தது. விநியோகஸ்தர்கள் சங்கமும் ஆம்ப்ரோஸ் வீடியோ நிறுவனமும் 2010 டிசம்பரில் வழக்குப் போட்டன. 2011இலும் 2012இலும் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்தின் மீது இப்படி வழக்குத் தொடர முடியுமா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பவைதான் முன்னால் நின்றன. முழுப் படத்தை மாணவர்களுக்கு இப்படி ஓடவிடுவது, உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் அனுமதிக்கும் ‘நியாயமான பயன்பாடா’ என்ற அடிப்படைக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் கல்லூரி மூடி, டிவிடிகள் எல்லாம் பூட்டிய கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டபோது, நாட்டில் இருந்த ஒவ்வொரு நூலகரும் அந்த இல்லாத விடையைத்தான் தேடினார்கள். என் எக்செல் தாளில் பாதி வரிகள் அந்த வருடமும் அடுத்த வருடமும் அவசரமாகச் சேர்ந்தவை. அந்த எஃகு ஆலைப் படமும் அப்படித்தான் வந்தது.

படத்துக்குள்ளேயே உரிமம் முடிந்துபோவதும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி ஹென்றி ஹாம்ப்டன் தயாரித்த ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ தொடரின் முதல் ஆறு பகுதிகள் 1987இல் தொலைக்காட்சியில் வந்தன, 1990இல் இன்னும் எட்டு. நூற்றுக்கணக்கான செய்திப்பட துண்டுகள், புகைப்படங்கள், பாடல்கள். அவற்றில் பலவற்றைக் குறிப்பிட்ட சில வருடங்களுக்குத்தான் வாங்க முடிந்திருந்தது, கையில் அவ்வளவுதான் பணம். மார்ட்டின் லூதர் கிங்குக்கு அவருடைய தோழர்கள் பிறந்தநாள் வாழ்த்துப் பாடும் காட்சிக்கும் பாட்டுக்காக உரிமைப் பிரச்சினை இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த உரிமைகள் முடிந்தன. அதன் பிறகு தொடரை ஒளிபரப்பவும் முடியவில்லை, புதுப் பிரதி விற்கவும் முடியவில்லை. 1998இல் ஹாம்ப்டன் இறந்தார். ஃபோர்டு அறக்கட்டளை 6,00,000 டாலரும், ரிச்சர்ட் கில்டர் என்பவர் 2,50,000 டாலரும் கொடுத்த பிறகுதான் உரிமைகளைத் திரும்ப எடுத்து 2006இல் மறுபடி ஒளிபரப்பினார்கள். இடைப்பட்ட பத்து வருடத்துக்கு மேல் அந்த வரலாற்றை மாணவர்கள் பார்த்தது எதில்? நூலகங்கள் முன்பே வாங்கி வைத்திருந்த, தேய்ந்துபோன விஎச்எஸ் கேசட்டுகளில். அந்தத் தொடர் ஸ்ட்ரீமிங் காலத்தில் வெளிவந்து, அதே மாதிரி உரிமைகள் முடிந்திருந்தால் அலமாரியில் ஒன்றுமே இருந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது அதற்கும் அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறோம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களுக்காகவே எடுக்கப்படும் பல படங்கள் தட்டாக வருவதே இல்லை. அவர்கள் கணக்குக் கொடுப்பது தனிநபருக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கு. நூலகம் எவ்வளவு பணம் நீட்டினாலும் வாங்க முடியாது. தங்களுடைய சில ஆவணப்படங்களைக் கல்விக்காக ஒருமுறை திரையிட நெட்ஃபிளிக்ஸ் அனுமதிக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் ஒருமுறை திரையிடுவதும் இருபது வருடம் வைத்திருப்பதும் வேறு வேறு. பேராசிரியர்கள் பாடத்திட்டத்தில் ‘ஒரு மாதச் சந்தா கட்டிப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். காசு இல்லாத மாணவருக்காகத்தானே நூலகம் என்று ஒன்று வந்தது?

நம் ஊரில் எப்படி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தியச் சட்டம் பொருளாக இருக்கும் பிரதிக்குத் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. 2012 திருத்தத்தில், லாப நோக்கில்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ முறையாக வாங்கிய படப் பிரதியை இரவல் கொடுப்பது வணிக வாடகை ஆகாது என்று தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள். கல்லூரி நடவடிக்கையின் பகுதியாக மாணவர், ஆசிரியர், பெற்றோர் மத்தியில் படம் காட்டவும் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இவ்வளவும் ‘வாங்கிய பிரதி’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. வாங்கவே கிடைக்காத படத்துக்கு அங்கேயும் இதே கதைதான்.

அந்த எஃகு ஆலைப் படத்துக்கு வருகிறேன். கேசட்டை அப்படியே விட மனமில்லை. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்படித் தேய்ந்துபோன கேசட்டுக்குப் புதுப் பிரதி நியாயமான விலைக்குக் கிடைக்காவிட்டால் நூலகம் பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டத்தின் 108ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த டிஜிட்டல் பிரதி நூலகக் கட்டடத்தைத் தாண்டக் கூடாது. அதையும் எடுத்து வைத்தோம்.

அப்புறம் இயக்குநரைத் தேடினேன். படத்தின் கடைசியில் வந்த நன்றிப் பட்டியலில் ஒரு தேவாலயத்தின் பெயர் இருந்தது, அங்கே எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவே எனக்குப் போன் செய்தார். எழுபதைத் தாண்டியவர். ஒப்பந்தம் முடிந்து உரிமை தன்னிடமே திரும்பி வந்துவிட்டது, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். காலவரையறை இல்லாத உரிமம் வேண்டும், கோப்பு எங்கள் சர்வரில் இருக்கும், எங்கள் மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டும் பார்ப்பார்கள் என்று சொன்னேன். எவ்வளவு கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய விலையான 195 போதுமா என்று தயங்கிக் கேட்டார். 33 வருடத்துக்கு முன்னால் கொடுத்த விலையை இன்று கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, 600 டாலருக்கு ஒப்புதல் வாங்கினேன். சென்னை அக்காவிடம் இதைச் சொன்னபோது, “ஆயிரம் குடுத்திருக்கலாம்ல” என்றார். கொடுத்திருக்கலாம்தான்.

ஒப்பந்தம் ஒரு பக்கம்தான் வந்தது. இந்த உரிமம் படம் வேறு யாருக்கு விற்கப்பட்டாலும் தொடரும் என்ற வரியை மட்டும் எங்கள் வழக்கறிஞர் சேர்க்கச் சொன்னார். இயக்குநருடைய பேரன் பழைய மாஸ்டர் டேப்பிலிருந்து கோப்பாக மாற்றி, ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுத் தபாலில் அனுப்பினார். திரையில் ஓடவிட்டுப் பார்த்தோம். கேசட்டில் அமுங்கியிருந்த அந்த இரண்டு இடங்களிலும் இப்போது குரல் கேட்டது. ஒன்றில் ஒருவர், ஆலைச் சங்கு நின்றுபோன காலையில் தன் நாய் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததைச் சொல்கிறார்.

கோப்பை மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்தோம். எக்செல் தாளில் புது வரி சேர்த்தேன். பெயர், இயக்குநர், விலை, வாங்கிய தேதி. கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் தாள் சிவப்பாகக் காட்டும்படி வைத்திருந்தோம், அதனால் அதில் ‘இல்லை’ என்று எழுதினேன். இப்போதைக்கு அந்தத் தாளில் அப்படி ஏழு வரிகள் இருக்கின்றன. மீதி 212.